மாதக் கட்டணத்தில் சைட் மேற்பார்வை: கொட்டகலைப் பக்கத்துச் சேவை எப்படி?

இலங்கை மலையகத்தில் கொட்டகலை, ஹட்டன் பக்கம் சரிவில் வீடு கட்டுபவர்களுக்கு மேற்பார்வையாளரை மாதக் கட்டணத்தில் அனுப்பும் சேவை இது. சாமானும் ஆட்களும் வீட்டுக்காரருடையது, வேலையை நடத்துவது மேற்பார்வையாளர் பொறுப்பு. இரண்டு மாடி வீடொன்றில் மண் வெட்டியதிலிருந்து ஸ்லாப் வரை பார்த்ததை வைத்துச் சொன்னால், ஆள் கெட்டிக்காரர். சேவையின் ஏற்பாட்டில்தான் குறை.

மண் வெட்டும் நாளிலேயே அவர் தரம் தெரிந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு நிபந்தனைகளை மெஷின் ஓட்டுநருக்கு வாசித்துக் காட்டிய பிறகே வேலை தொடங்கியது. சரிவு முழுவதையும் ஒரே மூச்சில் வெட்ட விடவில்லை. பத்து அடி வெட்டு, அடுத்த பத்து அடியை விடு, வெட்டிய இடத்தில் மண்ணைத் தாங்கும் சுவரை எழுப்பிவிட்டு விட்டதற்குத் திரும்பு என்பது அவர் முறை. மேலே மழைத்தண்ணீரைத் திருப்ப ஒரு கானும் வெட்டினார். தென்மேல் பருவமழை காலத்தில் ஹட்டன் பக்கம் வெட்டுமுகத்தைத் திறந்து வைத்தால் ஒரே இரவில் இறங்கிவிடலாம். சுவரில் தண்ணீர் வடிய ஐந்து அடிக்கு ஒரு இரண்டு அங்குலக் குழாய், அதன் பின்னால் மெட்டல் (உடைத்த கல்). சாந்து அடைக்காதபடி குழாய் வாயைத் துணியால் மூடவும் சொன்னார். பல மேசன்மார் மறப்பது இதைத்தான். தண்ணீர் வழியில்லாமல் பின்னால் தேங்கினால் எவ்வளவு தடித்த சுவரும் வயிறு தள்ளும்.

கொங்கிரீட்டுக்கு மணலும் மெட்டலும் அளக்க 12 x 12 x 15 அங்குலப் பெட்டி. 50 கிலோ சீமெந்து மூட்டை ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ அதுதான், எனவே 1:2:4 கலவைக்கு மணல் இரண்டு பெட்டி, மெட்டல் நான்கு. ஈர மணல் உப்பியிருக்கும் என்பதால் மணல் அளவை அதற்கேற்பக் கூட்டினார். அந்த ஈரத்தைக் கழித்தே தண்ணீர் ஊற்றினார்: மூட்டைக்கு மொத்தம் 25 லீற்றருக்கு மேல் போகவில்லை. 'இன்னும் கொஞ்சம் தண்ணி விடுங்க சேர்' என்று மிக்சர்காரர் கேட்டும் விடவில்லை.

ஆட்களை நடத்தும் விதம் தனியாகப் பாராட்டத்தக்கது. பதினொரு மணிக்கு மழை பிடித்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டு அனுப்பாமல், தகரக் கூரையின் கீழ் கம்பி வளைக்கவும், கம்பி பலகையில் படாமல் அடியில் வைக்கும் கவர் கட்டை வார்க்கவும் வைத்தார். தோட்டத்திலிருந்து வரும் கையாட்களுக்கு அந்த அரை நாள் சம்பளம் பெரியது, மறுநாள் ஒருவரும் வேலைக்கு வராமல் இருக்கவில்லை. கங்காணி அதட்டலும் இல்லை. மேசன் பாஸிடம் சிங்களத்திலும் கையாட்களிடம் தமிழிலும் அளவை ஒரே மாதிரி சொல்வதால் பிசகும் குறைவு.

ஒருமுறை பீம் கம்பிக்கு அடியில் கவர் கட்டை இல்லாததால், மிக்சர் வாடகைக்கு வந்து நின்றபோதே வார்ப்பதை நிறுத்தினார். வாடகை போனது, ஆனால் கம்பி பலகையில் படிந்தபடி வார்த்தால் இந்த ஈரத்தில் துரு பிடித்து கொங்கிரீட் வெடிக்கும்.

குறை இது: ஒரே ஆளுக்கு மூன்று சைட். ஸ்லாப் வார்த்த அன்று அவருக்குப் பதிலாக வந்த இளைஞருக்கு நிறுத்தச் சொல்லும் அதிகாரமே இல்லை. ஸ்லாப்பைத் தாங்கும் முட்டுகளை 14 நாளில் கழற்றவும் அவசரப்படுத்தினார். இரவுக் குளிரில் கொங்கிரீட் மெதுவாகத்தான் இறுகும், இங்கே 21 நாள் விடுவதே நல்லது.

அமர்த்துபவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டை எழுதி வாங்குங்கள்: கொங்கிரீட் நாளில் முதல் கலவையிலிருந்து கடைசிவரை அதே ஆள் சைட்டில் நிற்க வேண்டும், நிறுத்தும் அதிகாரமும் அவரிடமே இருக்க வேண்டும். 'பார்த்துக்கொள்வோம்' என்று மட்டும் சொன்னால் ஸ்லாப் நாளைக் குறிக்காதீர்கள்.