3 அடியா, 5 அடியா: ஒரு ஏக்கர் சவுக்கில் நான்கு வருடம்

வீடு மடிப்பாக்கத்தில். கோவளத்துக்குத் தெற்கே அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் மணல் நிலம் இருக்கிறது. 2019 ஐப்பசி மழையில் அங்கே சவுக்கு வைத்தேன். இடைவெளி பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சரி, இரண்டையும் பார்த்துவிடலாம் என்று ஒரு பாதியில் 3 அடிக்கு 3 அடி, மறுபாதியில் 5 அடிக்கு 5 அடி வைத்தேன். முதல் பாதிக்குச் சுமார் 2,400 கன்று, அடுத்ததற்கு 870.

இரண்டு வருடம் நெருக்க நட்டதுதான் கண்ணுக்கு அழகு. நிழல் சீக்கிரம் மூடியது, களையும் குறைந்தது. 5 அடிப் பக்கம் களைக்கூலி கூடுதல். முதல் வருடம் ஊடே போட்ட வேர்க்கடலை அதை ஈடுகட்டியது.

மூன்றாம் வருடம் நெஞ்சு உயரத்தில் டேப் வைத்து அளந்தேன். நெருக்கத்தில் சுற்றளவு 6, 7 அங்குலம். 5 அடிப் பக்கம் 10. உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். சவுக்கு வேர்முடிச்சு மூலம் தழைச்சத்தை (நைட்ரஜனை) காற்றிலிருந்து தானே தேடிக்கொள்ளும், நெருக்கம் பாதிக்காது என்று நம்பியிருந்தேன். ஆனால் வெயிலுக்கும் மணலில் இருக்கும் கொஞ்ச ஈரத்துக்கும் பக்கத்து மரத்தோடு மல்லுக்கட்டத்தானே வேண்டும்! மேலே ஓடுகிறதே தவிர, பருமன் ஏறவில்லை.

ஒன்று கவனியுங்கள்: ஓரத்து வரிசை மட்டும் நெருக்கத்திலும் நன்றாகவே பருத்திருந்தது. ஒரு பக்கம் திறந்த வெளி அல்லவா? சாலையில் நின்று தோப்பை மதிப்பிட்டால் ஏமாந்துவிடுவோம்.

பெரிய தப்பு அதற்குப் பிறகுதான் செய்தேன். பருமன் ஏறட்டும் என்று 2022 புரட்டாசியில் நெருக்கப் பாதியில் வரிசை விட்டு வரிசை வெட்டிக் கலைத்தேன். டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. ஒன்றையொன்று அணைத்து நின்ற ஒல்லி மரங்கள், நடுவில் காற்றுக்கு வழி கிடைத்ததும் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. 5 அடிப் பக்கம் சில கிளைகள் முறிந்ததோடு தப்பியது. காலையில் தோட்டம் பார்க்கும் அண்ணன், "கலைக்கிறதா இருந்தா ரெண்டாம் வருஷமே கலைச்சிருக்கணும் தம்பி" என்றார். அடிமரம் தனியாக நின்று பழகும் வயது போன பிறகு துணையைப் பிடுங்கியிருக்கிறேன். இன்றும் மனசு ஆறவில்லை.

2023-ல் முழுவதும் வெட்டினோம். எடைமேடைச் சீட்டில் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் சொற்பம், கலைத்து விற்றதையும் சேர்த்தால்கூட. காசில்தான் பெரிய வித்தியாசம். ஒல்லிக் கம்பெல்லாம் காகிதக் கூழுக்கு டன் கணக்கில் போனது. பருத்தது சென்னைக் கட்டட வேலைக்குச் சாரக்கம்பாகவும் கான்கிரீட் தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டாகவும் எண்ணிக்கையில் விலை போனது. கன்றுச் செலவு வேறு நெருக்கப் பாதிக்கு இரண்டரை மடங்குக்கு மேல். கூழுக்கு மட்டும் விற்பவருக்கு 3 அடி ஒத்துவரலாம், எனக்கு வராது.

இப்போது ஏக்கர் முழுக்க 5-க்கு 4 அடி. அளக்கும்போது ஓரத்து வரிசையை விட்டுவிட்டு உள்ளே போய் அளக்கச் சொல்லியிருக்கிறேன்.