பெயின்ட் கறையை எடுத்துவிட்டோம் என்றார்கள், மேலே சாயம் பூசிக் கொடுத்திருக்கிறார்கள்

பட்டுச்சேலையில் பெயின்ட் பட்டுவிட்டது, எந்த டிரை வாஷ் கடையில் கொடுக்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள், கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். மதுரையில் எங்கள் வீட்டுக்கு நடந்தது இது. கடைப்பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப்போகிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும்.

சேலை அம்மாவுடைய முகூர்த்தப்பட்டு. 1986-ல் தாத்தா காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்துவந்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை, முந்தானை முழுக்கச் சரிகை. வருஷத்துக்கு ஒருதடவை நிழலில் உலர்த்தி, பழைய மடிப்பில் மடிக்காமல் மாற்றி மடித்து, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைப்பாள் அம்மா. ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த வரியிலேயே பட்டு இற்றுப்போகும் என்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த சேலை.

தை மாதம் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம். மாடிப்படிக் கைப்பிடிக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் எனாமல் கடைசிக் கோட் அடித்திருக்கிறார்கள். மேல்பக்கம் தொட்டால் ஒட்டவில்லை. அடிப்பக்கம் பெயின்ட் வழிந்து தடித்து நின்ற இடம் காயவே இல்லை. அம்மா படியேறும்போது முந்தானை அங்கே உரசிவிட்டது. சாம்பல் நிறத்தில் உள்ளங்கை அகலம் ஒரு தீற்றல், பக்கத்தில் இரண்டு சொட்டு.

அங்கேயே நின்ற பெயின்டர் அண்ணன், "டர்பன்டைன் இருக்கும்மா, இப்பவே ஒத்தி எடுத்துரலாம், காய விட்டா கஷ்டம்" என்றார். நாங்கள்தான் விடவில்லை. பட்டில் போய் டர்பன்டைனா என்று பயம். ஒருத்தர் தேங்காய் எண்ணெய் என்றார், இன்னொருத்தர் நெயில் பாலிஷ் ரிமூவர் என்றார், யாரோ ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து கழுவியும் பார்த்தார்கள். எனாமல் எண்ணெய்ச் சரக்கு, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. கடைக்குக் கொண்டுபோகும்போது மூன்றாம் நாள். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த மூன்று நாள்தான் வேலையைக் கடினமாக்கியது. எனாமல் வெறுமனே ஈரம் வற்றிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உள்ளுக்குள்ளேயே இறுகுகிறது. இறுக இறுக டர்பன்டைனுக்குக்கூட எளிதில் இளகாது.

கடையில் கவுன்டரில் ஒரு தம்பி இருந்தார். கறையைப் பார்த்த மறு நிமிஷமே, "பெயின்ட்தானக்கா? நூறு பர்சன்ட் போயிரும். அதுக்குன்னு தனி கெமிக்கல் இருக்கு" என்றார். என்ன பெயின்ட், எத்தனை நாளாச்சு, தண்ணீர் பட்டதா, சரிகை அசலா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. சாதாரண பட்டு வாஷ் என்றால் 350 ரூபாய், பெயின்ட் எடுக்க 900, முழுத்தொகையும் முன்பணம். சேலை எங்கே வாஷ் ஆகும் என்று கேட்டேன். "நம்ம யூனிட்லதாங்க்கா" என்றார். யூனிட் அவர்களுடையதே இல்லை, பல கடைகளுக்கு மொத்தமாகத் துவைத்துக் கொடுக்கும் இடம் என்று பின்னால்தான் தெரிந்தது. கவுன்டரில் இருக்கிறவருக்கும் துணியில் கை வைக்கிறவருக்கும் பேச்சே கிடையாது. நான் சொன்னது எதுவும் அங்கே போய்ச் சேரவில்லை.

ரசீதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: பட்டுச்சேலை 1, டிரை வாஷ், 900. பெயின்ட் என்ற சொல்லே இல்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

ஐந்து நாள் கழித்து சேலை வந்தது. பிளாஸ்டிக் கவருக்குள் அட்டை வைத்து மடித்து, முந்தானை மேலாகத் தெரியும்படி அயர்ன் செய்திருந்தார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். கறை இல்லை. எனக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அம்மா பிரித்துப் பார்க்காமல் அப்படியே பீரோவில் வைத்தாள்.

இருபது நாள் கழித்து ஒரு வளைகாப்புக்காக எடுத்தோம். கவரைப் பிரித்ததுமே குப்பென்று தின்னர் வாடை. ஜன்னல் பக்கம் வெயிலில் பிடித்தால், கறை இருந்த இடத்தில் அரக்கு ஒரு சாயல் தூக்கலாக, மினுமினுப்பே இல்லாமல் செத்துப்போய் இருக்கிறது. விரலால் தடவினேன், சொரசொரப்பு. அம்மா தண்ணீர் குடித்த டம்ளரின் ஈரம் என் கையில் இருந்திருக்கிறது. விரலை எடுத்துப் பார்த்தால் நுனியெல்லாம் சிவப்பு.

வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து மெதுவாக ஒற்றினேன். ஒற்ற ஒற்ற அரக்குச் சாயம் துணியில் ஏறியது, அடியிலிருந்து சாம்பல் நிறம் வெளியே வந்தது. முன்பு உள்ளங்கை அகலம் இருந்த தீற்றல் இப்போது இரண்டு பங்கு பரவியிருந்தது. பெயின்டை எடுக்கவே இல்லை. தேய்த்துப் பரப்பியிருக்கிறார்கள், போகவில்லை என்றதும் சேலை நிறத்துக்குச் சாயம் கலந்து மேலே பூசியிருக்கிறார்கள், பூசிய இடத்தின் மேல் சூடாக அயர்னும் வைத்திருக்கிறார்கள். மிச்சம் இருந்த எனாமலுக்கு அந்தச் சூடு ஒன்றே போதும், இன்னும் இறுகிக்கொள்ள. சரிகையில் நாலு விரல் நீளத்துக்குக் கறுப்பு வேறு.

திருமலை நாயக்கர் மகால் பக்கம் பட்டுக்குச் சாயம் போடும் தொழிலில் பல வருஷம் இருந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முந்தானையை முதலில் திருப்பிப் போட்டு, உள்பக்கத்தைத்தான் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கறையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "பிரஷ் போட்டுத் தேச்சிருக்கான் தாயி" என்றார். கறையைச் சுற்றி வெளுத்தாற்போல் தெரிந்த இடத்தைக் காட்டி, இது சாயம் போனதில்லை என்றார். ஈரப் பட்டைத் தேய்த்தால் இழை பிளந்து பூனை ரோமம் மாதிரி எழும்பிவிடும், வெளிச்சம் அதில் சிதறுவதால் வெள்ளையாகத் தெரியும், எத்தனை சாயம் போட்டாலும் அந்த இழை பழையபடி படியாது. அவர் காட்டிய பிறகு சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நெய்த துணி மாதிரியே இல்லை, அடிபட்ட தோல் மாதிரி இருந்தது.

எப்படி எடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். சேலையின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி, அடியில் வெள்ளைப் பருத்தித் துணியை நாலாக மடித்து வைக்க வேண்டும். உள்பக்கத்திலிருந்து டர்பன்டைனைப் பஞ்சில் தொட்டு ஒற்ற வேண்டும். பெயின்ட் இளகிக் கீழே இருக்கிற துணியில் இறங்கும், இறங்க இறங்கத் துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ளே செருகுகிற ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, சாயம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் தேய்க்கக் கூடாது. மூன்று நாள் கறை முழுக்கப் போயிருக்குமா என்றால் போயிருக்காது, நிழல் மாதிரி ஒன்று நின்றிருக்கும், ஆனால் பட்டு பிழைத்திருக்கும் என்றார். உண்மையைச் சொல்கிற தொழில்காரர் இப்படித்தான் பேசுவார் என்று அப்போது தோன்றியது. கடையில் அந்தத் தம்பி "நூறு பர்சன்ட்" என்றபோதே நான் சேலையைத் திரும்பக் கையில் வாங்கியிருக்க வேண்டும்.

ஒரு கறையை எடுக்கத் தெரிந்தவர் முதலில் கேட்பது, எனாமலா எமல்ஷனா என்றுதான். சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் தண்ணீர்ச் சரக்கு. பருத்தித் துணியில் பட்டால், காய்வதற்குள் குழாயில் காட்டிச் சோப்புப் போட்டாலே போய்விடும். காய்ந்துவிட்டால்கூட சர்ஜிகல் ஸ்பிரிட்டில் ஊறவிட்டு, இளகியதும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுக்கலாம். என் தம்பி மகனுடைய பருத்திச் சட்டையில் அப்படித்தான் எடுத்தேன், முக்கால்வாசி போனது. கதவு, கிரில், கேட்டுக்கு அடிக்கிற எனாமலுக்கு அது நடக்காது, டர்பன்டைன்தான். நெயில் பாலிஷ் ரிமூவரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். அதில் அசிடோன் இருந்தால், கோட்டு லைனிங் மாதிரியான அசிடேட் துணி அந்த இடத்திலேயே கரைந்து ஓட்டையாகிவிடும். பட்டிலும் கம்பளியிலும் குளோரின் ப்ளீச் படவே கூடாது, இழையையே தின்றுவிடும். டர்பன்டைன், தின்னர் பட்ட துணியை அடுப்புப் பக்கம் காயப்போடுவதோ, அந்த வாடையோடு வாஷிங் மெஷினில் போடுவதோ ரொம்ப ஆபத்து, தீப்பிடிக்கும். இதை எல்லோரிடமும் சொல்லுங்கள்.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலில், "நீங்க வாங்கிட்டுப் போறப்ப நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்கள். கைக்குட்டையைக் காட்டியதும், "பழைய சேலைக்கா, சாயம் விடத்தான் செய்யும்" என்றார்கள். பெயின்டுக்கென்று 900 வாங்கினீர்களே என்றால், "ரசீதுல பெயின்ட்னு இல்லையே" என்று பதில். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை அதன் பிறகுதான் படித்தேன். சாயம் போனாலும் சரிகை கறுத்தாலும் கடை பொறுப்பல்ல, இழப்பீடு சலவைக் கட்டணத்தைப் போல் பத்து மடங்குக்கு மேல் இல்லை. உரிமையாளர் போனில் பேசினார், அடுத்த தடவை இலவசமாகத் துவைத்துத் தருகிறேன் என்றார். அம்மாவின் முகூர்த்தப்பட்டுக்கு அவர் கொடுக்கிற விலை அது. எனக்கு அந்த இடத்தில் பேச்சே வரவில்லை, இறங்கி வந்துவிட்டேன்.

ரசீதின் பின்னால் அச்சடித்துவிட்டால் எதையும் செய்யலாம் என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள், நாமும் அப்படியே நம்பித் திரும்பிவிடுகிறோம். செய்த வேலையில் குறை என்றால் 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது சேவைக் குறைபாடு. கறையைச் சாயம் பூசி மறைத்துவிட்டு எடுத்தாயிற்று என்று காசு வாங்குவது குறைபாடுகூட இல்லை, ஏமாற்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் பதிவு செய்தேன், காசு கிடையாது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நாமே வாதாடவும் செய்யலாம்.

ஆனால் கையில் சாட்சி வேண்டும். கொடுக்கும்போதே கறையைக் கிட்டத்தில் ஒன்று, முழுச்சேலையும் தெரிய ஒன்று என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் "எனாமல் பெயின்ட் கறை, முந்தானை, இத்தனை அங்குலம்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம். திரும்ப வாங்கும்போது கவரோடு தூக்கிக்கொண்டு வராதீர்கள், என்னைப் போல. அங்கேயே பிரித்து, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள், உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், மோந்து பாருங்கள், கறை இருந்த இடத்தை நனைத்த வெள்ளைத் துணியால் லேசாக ஒற்றிப் பாருங்கள். பட்டின் சாயமே லேசாக விடலாம், அதனால் சேலையின் வேறொரு இடத்திலும் ஒற்றி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் சேலையில் மற்ற இடத்தில் துணி வெள்ளையாகவே இருந்தது.

கிரகப்பிரவேசத்தன்று எடுத்த போட்டோ ஒன்றில் அம்மாவின் முந்தானையும் கறையும் தெளிவாக விழுந்திருக்கிறது, சித்தி மகள் அனுப்பினாள். கடைக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன், கடை முத்திரையோடு ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. அந்த அட்டை, ரசீது, போட்டோ, சிவப்பேறிய கைக்குட்டை எல்லாம் ஒரே கவரில் இருக்கிறது. பதினைந்து நாள் தவணை கொடுத்திருந்தேன், இன்னும் நாலு நாள் பாக்கி.