மாஸ்டர் வராத நாள்: நகர வகுப்புகளை யார் கையில் கொடுப்பது?

நகரத்தின் சமூக சேவைத் துறையில் அடுத்த பருவத்துக்கான பொழுதுபோக்கு வகுப்புகளைத் திட்டமிட உட்கார்ந்தால் மூன்று வழிகள் பேச்சில் வரும். துறையே சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தலாம், வெளியிலிருந்து பயிற்சியாளரை ஒப்பந்தத்தில் கூப்பிடலாம், அல்லது தன்னார்வலர்களிடம் விடலாம். கூட்டத்தில் செலவுக் கணக்கை வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். சில வருஷம் இந்த வேலையைப் பார்த்தவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது வேறு: வகுப்பு எடுப்பவர் வராத நாளில் என்ன ஆகும்?

ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகிறேன். பட்ட அனுபவம் அதில்தான் அதிகம். நாலு மணிக்கு நடன வகுப்பு. மூன்று ஐம்பதுக்கு மாஸ்டரிடமிருந்து செய்தி வந்தது, காய்ச்சலாம். பாட்டெல்லாம் அவர் போனில், அசைவுகள் அவர் தலையில். பதினெட்டுப் பிள்ளைகள் காலணியைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு நிற்கிறார்கள். அலமாரியைத் திறந்தால் இரண்டு ஸ்கிப்பிங் கயிறு, காற்றில்லாத ஒரு பந்து. அந்தக் கயிறுகளை வைத்து அரை மணி நேரம் ஓட்டினோம். வாசலில் ஒரு அம்மா கேட்டார்: “அப்போ இன்னைக்கு வகுப்புக்கான பணம் திரும்ப வருமா?” கேள்வி மாஸ்டரிடம் போகவில்லை, எங்களிடம்தான் வந்தது. ரசீதில் இருப்பது துறையின் பெயர் அல்லவா?

அதற்காக ஒப்பந்த முறையைக் குறை சொல்லி ஒதுக்க முடியாது. நடனம், கராத்தே, ஓவியம், ரோபோட்டிக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தர ஊழியரை எந்தத் துறையாலும் வைத்துக்கொள்ள முடியாது. வசூலில் 60:40 அல்லது 70:30 என்று பங்கு பிரித்து, பெரிய பங்கைப் பயிற்சியாளருக்குக் கொடுப்பது பல ஊர்களில் உள்ள ஏற்பாடு. குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் வகுப்பை ரத்து செய்துவிடலாம், துறைக்கு நஷ்டம் இல்லை. ஆனால் அந்த விதிதான் கட்டணம் கட்ட முடியாத பகுதிகளுக்கு வகுப்பே போகாமல் செய்துவிடுகிறது. அப்புறம் இன்னொன்று: இரண்டு வருஷத்தில் மாஸ்டர் சொந்தமாக இடம் பார்த்துவிட்டால் பேட்ச் மொத்தமும் அவர் பின்னால் போய்விடும். அதில் எனக்குக் கோபம் இல்லை. அவர் உழைத்துச் சேர்த்த கூட்டம் அது.

சொந்த ஊழியர்களை வைத்து நடத்துவதற்கு நான் காட்டும் உதாரணம் கொலம்பியாவின் பொகோட்டா. 1974-இல் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சில சாலைகளை வண்டிகளுக்கு அடைத்து, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட ஆரம்பித்தார்கள். 1990-களில் அதையொட்டி ரெக்ரியோவியா வந்தது. பூங்காக்களில் மேடை போட்டு, நகர விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர்கள் இலவசமாக உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறார்கள். இப்படி ஒரே நிறுவனம் ஒரு குழுவை வைத்திருந்தால், ஒருவர் வராத நாளில் இன்னொருவரை அனுப்பலாம். பூங்காவுக்கு வந்தவர்களும் யார் மேடையில் நிற்கிறார் என்று பார்ப்பதைவிட ஆடத்தான் பார்ப்பார்கள்.

பல இடங்களில் இதன் பலவீனம் ஊழியர்கள் பகுதி நேரமாக வரும் மாணவர்கள் என்பதுதான். விசில் ஊதக் கற்றுக்கொண்டு, ஐம்பது பிள்ளைகளின் பெயரும் மனப்பாடமாகும் நேரத்தில் தேர்வு வந்துவிடும், போய்விடுவார்கள். ஆள் கணக்கும் இறுக்கமானது. பிள்ளைகளுக்கான பகல்நேர முகாம்களுக்கு, அமெரிக்க முகாம்களின் சங்கமான அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் சொல்லும் அளவு, 6 முதல் 8 வயது வரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வரை பத்துப் பேருக்கு ஒருவர். ஏழு வயதுப் பிள்ளைகள் இருபத்துநாலு பேருக்கு மூன்று ஊழியர்களைப் போட்டு அதில் ஒருவர் லீவு எடுத்தால், மிச்ச இருவர் தலையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு. கூடுதலாக ஒருவரைப் பட்டியலில் வைக்காமல் இந்த வழி மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தன்னார்வலர் விஷயத்தில் உதாரணத்துக்கு, பூங்காவில் வாராவாரம் கூடி ஓடும் பார்க்ரன் என்ற நிகழ்ச்சி ஒன்றே போதும். 2004 அக்டோபர் 2 அன்று லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடினார்கள், இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிறது. கட்டணம் கிடையாது. அங்கே வேலையைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கிறார்கள்: ஒருவர் நேரம் குறிப்பார், ஒருவர் டோக்கன் கொடுப்பார், ஒருவர் பார்கோடு ஸ்கேன் செய்வார், ஒருவர் எல்லோருக்கும் கடைசியாக நடந்து வருவார். சில நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பதால் ஒருவர் வராவிட்டால் பக்கத்தில் நிற்பவரை இழுத்துவிடலாம்.

ஆனால் அது வாரத்தில் ஒரு காலைப் பொழுது. தினமும் என்றால் கதை வேறு. 1885-இல் பாஸ்டனில் பிள்ளைகள் விளையாட ஒரு மணல் குவியலைக் கொட்டியபோது அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். சில வருஷத்திலேயே சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டி வந்தது. நீச்சல் போல உயிர் சம்பந்தப்பட்ட எதையும் தன்னார்வலரிடம் மட்டும் நான் விடமாட்டேன்.

சரி, நான் எப்படிப் பிரிப்பேன்? சின்னப் பிள்ளைகளுக்குத் தினசரி நடக்கும் எதுவும் சொந்த ஊழியர்களிடம், அதில் பேச்சே இல்லை. நடை, ஓட்டம், வாசிப்புக் குழு எல்லாம் தன்னார்வலர்களிடம், ஆனால் கேட் சாவி மட்டும் ஊழியர் ஒருவரிடம் இருக்க வேண்டும். தனித் திறமை வேண்டிய வகுப்புகள் ஒப்பந்தத்துக்கு. ஒப்பந்தத்திலேயே மாற்று ஆளின் பெயரும், பாடத்திட்டத்தின் ஒரு பிரதி எங்கள் அலமாரியில் இருக்க வேண்டும் என்ற வரியும் வேண்டும்.

அந்த நடன வகுப்புக்கு மறுவாரம் அலமாரியில் ஒரு பெட்டி வைத்தேன். நாலு பந்து, பம்ப், சாக்பீஸ், ஒரு மணி நேரத்துக்கான விளையாட்டுகளை எழுதிய ஒரு தாள். பம்ப்பை மட்டும் யாரோ பத்தே நாளில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.