தென்கடல் கரையில் தொலைநோக்கி: எந்தக் குறுமீனைத் தேடலாம்?

ராமநாதபுரம் கடற்கரையில் வாலிநோக்கம், ஏர்வாடிப் பக்கம் நின்றால் தெற்கே கடல்தான். அடிவானத்தை மறைக்க ஒரு பனைகூடக் கிடையாது. அதனால் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு இங்கே முதலில் வரும் ஆசை பிராக்சிமா சென்டாரி. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டில், இருக்கும் சிவப்புக் குறுமீன் (சூரியனைவிடச் சிறிய, மங்கலான, சிவந்த விண்மீன்) அது. வடஇந்தியாவில் பல ஊர்களுக்கு அது எழுவதே இல்லை. நமக்கு ஏப்ரல் கடைசியில் நடுநிசிக்கு உச்சம்.

உச்சம் என்றாலும் வெறும் 18 பாகைதான். தலைக்கு மேலே பார்ப்பதைவிட மூன்று மடங்கு காற்றைத் துளைத்து அதன் ஒளி வரவேண்டும், அதுவும் கடலோர ஈரக்காற்று. பொலிவு எண் 11.1 (எண் கூடக் கூட மங்கல்). ஆல்ஃபா சென்டாரியிலிருந்து 2 பாகை தள்ளி, ஒரே மாதிரியான பொடி மீன்களுக்கு நடுவே இருக்கும். வரைபடம் இல்லாமல் போனால் எதையாவது பார்த்துவிட்டு அதுதான் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

என் ஓட்டு பர்னார்டு விண்மீனுக்கு. தூரம் 6 ஒளியாண்டு, பொலிவு 9.5, ஜூலை இரவில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே. அப்போது கச்சான் காற்று உப்பை வாரி இறைக்கும். பிராக்சிமா என்றால் அந்தக் காற்றில் திறந்த கரையில் நின்றாக வேண்டும். இதற்கு அது வேண்டாம். வீட்டுச் சுவர் மறைவே போதும். (டாப்சோனியனை நேர் மேலே திருப்புவது கழுத்துக்கும் கைக்கும் வேதனை, உச்சம் தாண்டிச் சாயும்வரை பொறுப்பது நல்லது.) ஆண்டுக்கு 10.3 விகலை (ஒரு விகலை, பாகையில் 3600-ல் ஒரு பங்கு) நகரும் மீன் இது. இந்த வருடம் சுற்றியுள்ள மீன்களோடு சேர்த்து வரைந்து வையுங்கள். மூன்று வருடம் கழித்து வரைந்தால் இடம் மாறியது கண்ணுக்கே தெரியும்.

விண்மீனாக எரியும் அளவுக்கு நிறை இல்லாத பழுப்புக் குறுமீன் கதை வேறு. அதை நம் கருவியில் யாராலும் பார்க்க முடியாது. அதன் துணைமீனைத்தான் பார்க்கலாம். அதற்கும் இரண்டு வழி. எப்சிலான் இண்டி (பொலிவு 4.7) இருட்டான கரையில் வெறும் கண்ணுக்கே தெரியும். இரண்டு பழுப்புக் குறுமீன்கள் அதற்குப் பக்கத்தில், ஒரே கண்வில்லைப் பரப்புக்குள்ளேயே, தெரியாமல் கிடக்கும். ஆனால் சாயங்கால வானில் அது ஏறிவரும் அக்டோபரில் நமக்கு மழை தொடங்கிவிடும்.

கிளீசா 229 பிப்ரவரிக்குரியது. திருவாதிரைக்குத் தெற்கே முயல் மண்டலத்தில், 59 பாகை உயரத்தில், பொலிவு 8.1. மழை கழுவிய வானம், அடங்கிய காற்று. எப்சிலான் இண்டி ஆரஞ்சு மீன், இதுவோ சிவப்புக் குறுமீனேதான். இதன் துணையான பழுப்புக் குறுமீனை 1995-ல் அறிவித்தார்கள். மீத்தேன் தெரிந்த முதல் பழுப்புக் குறுமீன். சுமார் 70 வியாழன் நிறை இருந்தும் ஏன் இவ்வளவு மங்கல் என்று வெகுகாலம் குழம்பினார்கள். 2024-ல்தான் புரிந்தது: அது ஒன்றில்லை, 12 நாளுக்கொருமுறை ஒன்றையொன்று சுற்றும் இரண்டு.