பந்தயத் தடமா, பிரெஞ்சு நெடுஞ்சாலையா?

1930 வரை பிரிட்டன் சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 20 மைல். அப்படியிருக்க, எங்கே போய் ஒரு சொகுசுக் காரின் முன்மாதிரியை விரட்டிப் பார்ப்பது?

பக்கத்திலேயே, இங்கிலாந்திலேயே இருந்தது புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடம். சுமார் 4.4 கி.மீ. சுற்று, எதிரே வண்டி வராது, நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிடலாம். 1939-இல் பந்தய ஓட்டுநர் ஜார்ஜ் ஐஸ்டன், ‘எம்பிரிகோஸ் பென்ட்லி’ என்ற காரை ஒரு மணி நேரத்தில் 114 மைலுக்கு மேல் ஓட்டியது இங்கேதான். ஆனால் சுற்றிச் சுற்றி ஒரே வேகம். கியருக்கும் பிரேக்குக்கும் பெரிதாக வேலையில்லை. தளமோ மேடுபள்ளமான கான்கிரீட்.

பிரான்ஸ் வேறு மாதிரி. மரங்கள் வரிசைகட்டிய நீண்ட நேர்ச்சாலை, நடுவே திடீரென ஒரு கிராமம், அப்புறம் மலையேற்றம். ரோல்ஸ் ராய்ஸ் அங்கே ஷாத்தோரூ நகரில் சோதனைத் தளமே வைத்திருந்தது. 1924-இல் பென்ட்லி நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லி தன் ஆறு சிலிண்டர் முன்மாதிரியில் வந்தபோது, ரோல்ஸ் ராய்ஸின் ரகசியக் கார் ஒன்று எதிர்ப்பட்டது. இரண்டும் பக்கம் பக்கமாகப் பறந்தன. யாரும் முந்தவில்லை. தன் காரின் திறன் போதாது என்று கண்ட பென்ட்லி அதன் எஞ்சினை 6½ லிட்டராக்கினார். எந்தத் தடமும் இப்படி ஒரு பாடம் தந்திருக்காது.

என் ஓட்டு பிரான்சுக்கே. ஆபத்தும் அங்கேதான்: 1939 ஆகஸ்டில் பென்ட்லி கார்னிஷ் முன்மாதிரி அங்கே சோதனையில் விபத்துக்குள்ளானது. செப்பனிட்ட அதன் உடற்கூடு பிரான்சின் தியெப் துறைமுகத்தில் குண்டுவீச்சில் அழிந்தது.