நரகூர்ட் குகைகள்: விழுந்த இடத்திலேயே கிடக்கும் எலும்புகள்

கொழும்பிலிருந்து மெல்பேர்னிலோ அடிலெய்டிலோ வசிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தென் அவுஸ்திரேலிய நரகூர்ட் குகைகளையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அடிலெய்டிலிருந்து ஏறத்தாழ 330 கிலோமீற்றர் என்பதால் ஓரிரவு தங்குவதே நல்லது.

நேரம் குறைவாயின் மற்றவற்றை விட்டுவிட்டு விக்டோரியா உயிர்ச்சுவட்டுக் குகைக்கே செல்லுங்கள். 1969 இல் குகை ஆர்வலர்கள் ஒடுங்கிய வழியில் ஊர்ந்து சென்று கண்டடைந்த எலும்புக் கூடத்தை இன்று வழிகாட்டியுடன் நடந்தே அடையலாம். நீர் சுண்ணாம்புக்கல்லைக் குடையும் விதம் யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்குப் புதிதன்று. இங்கே அது கூரையைத் துளைத்துவிட, மேலே நடமாடிய விலங்குகள் தவறி விழுந்து, ஏற வழியின்றி மடிந்து, உள்ளே சரிந்த மண்ணில் புதைந்தன. இப்படி ஐந்து இலட்சம் ஆண்டுகள் வரையான வரலாறு இக்குகைகளில் படை படையாகச் சேர்ந்திருக்கிறது. அகழ்ந்த இடத்தில் தாடைகளும் கால் எலும்புகளும் மண்ணிலிருந்து பாதி வெளித்தெரிகின்றன. அருகில் நிறுத்தியுள்ள, பைம்மாச் சிங்கம் (குட்டியைப் பையில் வளர்க்கும் விலங்கு) எனப்படும் அழிந்துபோன தைலகோலியோவின் எலும்புக்கூட்டில், இறைச்சியை வெட்டவென்றே கத்தரிக்கோல் அலகுபோல நீண்டிருக்கும் பக்கப் பற்களைக் கவனிக்கத் தவறாதீர்கள். சிங்கம் என்பது பெயரளவில்தான். அதற்கு நெருங்கிய உறவு கோலாவும் வொம்பற்றும்.

இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்ததை அறிந்தவர்களுக்கு இவ்விடம் மேலும் சுவைக்கும். அவை ஆறு சேர்த்த, இல்லம் எனப்படும் மாணிக்கக்கல் கலந்த சரளைப் படையில் சிதறிக் கிடைத்தவை. இங்குள்ளவையோ விழுந்த இடத்திலேயே கிடப்பதால், எந்தக் காலத்தில் எந்த விலங்குகள் சேர்ந்து வாழ்ந்தன என்பதைப் படைவாரியாக அறிய முடிகிறது. குயின்ஸ்லாந்தின் ரிவர்ஸ்லீ உயிர்ச்சுவட்டுத் தளத்துடன் சேர்த்து 1994 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக்கியதற்கு இத்தகைய பெறுமதியே காரணம். கண்ணாடிப் பெட்டிக்குள் எத்தனை எலும்புகளைப் பார்த்திருந்தாலும் இந்த அனுபவம் வேறு.

குகை வளாகத்தின் வொனம்பி உயிர்ச்சுவட்டு நிலையத்தில் அசையும் விலங்கு உருவங்கள் உண்டு. சிறுவர்களுக்கு அது போதும், பெரியவர்கள் விரைவாகப் பார்த்துவிட்டு வரலாம். தொங்கும் சுண்ணப் படிவங்களின் அழகுக்கு அலெக்சாண்ட்ரா குகை. உள்ளே ஆண்டு முழுவதும் 17 பாகை செல்சியஸ் அளவில்தான் வெப்பநிலை இருக்கும்; கொழும்பு வெயிலில் பழகிய உடம்புக்கு மெல்லிய சுவெற்றர் ஒன்று தேவைப்படும். படிகள் இருப்பதால் முழங்கால் வலியுள்ளவர்கள் பதிவு செய்யும்போதே பாதையைப் பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது.