முள் ஏறாத வண்டி: ஒரு பழைய காருடன் எட்டு வருடம்

போன மாதம் என் காரில் 640 ரூபாய்க்கு ஒரு சின்னச் சாமான் மாட்டினேன். உள்ளங்கையில் அடங்கிவிடும். மாட்டுக்கூலி 400. அன்றிலிருந்து ஒரே எரிச்சல். எரிச்சல் வண்டி மேலா, என் மேலா என்று இன்னும் முடிவாகவில்லை. அதே வாரத்தில்தான் பள்ளிக்கூட ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் கேட்டார்: "ஜிஎஸ்டி குறைச்சுட்டாங்களே, புதுசா எடுக்கலாமா? இல்ல உங்கள மாதிரி ஒரு பழசு பார்த்து வாங்கிக்கட்டுமா?" டீக்கடையில் உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தேன். டீ ஆறியது, பெல் அடித்தது, பாதியில் எழுந்து வந்துவிட்டோம். மீதி இங்கே.

கம்பெனி பெயர் வேண்டாம். 800 சிசி, மூன்று சிலிண்டர், பன்னிரண்டு இன்ச் சக்கரம் என்றாலே உங்கள் தெருவில் ஒன்று நிற்கும், அதுவும் பெரும்பாலும் வெள்ளையில். என்னுடையது 2010 மாடல். 2017-இல் மூன்றாவது ஓனராக 1,35,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் எண்பதாயிரம் சொசைட்டி லோன். அப்போது மீட்டரில் 62,000 கிலோமீட்டர், இன்று 1,10,000. ஆபீசுக்கு பைக்தான். கார் எதற்கென்றால், வீடு கன்னங்குறிச்சி, மாமியார் வீடு ஏற்காட்டுக்கு மேலே நாகலூர். மாதம் இரண்டு முறை மலை ஏறி இறங்கியாக வேண்டும். அது போகக் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி. மாதத்துக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. சூடாகாது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500-க்கு மேல். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மே மாதம் கோடை விழா சமயத்தில் அடிவாரத்தைத் தாண்டிப் பார்த்தால், ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கிவிட்டு நிற்கிற வண்டிகள் அங்கங்கே கண்ணில் படும். ஆவி பறக்கும், ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார், இன்னொருவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருப்பார். நான் நாலு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே அவர்களைக் கடந்து போவேன். டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு மேல் அசையாது. மச்சான் புது வண்டி வாங்கினபோதுகூட, "முள்ளைப் பாருங்க மாப்ளே, எங்க நிக்குதுன்னு" என்று கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். அவர் மரியாதைக்குப் பார்த்தார்.

இது சந்தோஷக் கணக்கு. துக்கக் கணக்கு கண்ணாடியில் இருந்தது.

2019-இல் ஏசி கம்ப்ரஸர் போனது. பதினெட்டாயிரம் என்றார்கள். ஏசி இல்லாமல்தானே வளர்ந்தோம் என்று விட்டுவிட்டேன். சேலத்து வெயிலில் ஜன்னலை இறக்கிவிட்டுச் சமாளித்துக்கொள்ளலாம். மலையில், ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில், சாயந்திரம் ஐந்தரைக்கு மேல் இறங்கிப் பாருங்கள். வெளியே மேகம், உள்ளே நாலு பேர் மூச்சு. முன் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திரை விழுந்துவிடும். ஏசி இருந்தால் காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்துவிடும். இல்லாதவனுக்கு ஹீட்டர்தான் கதி. என் வண்டியில் திருகைச் சிவப்பு முனை வரை திருப்பி, ஃபேனை நாலில் வைத்தாலும், வாயால் ஊதுகிற அளவுக்குத்தான் வெதுவெதுப்பு வரும்.

அதனால் துடைப்பது என் மனைவியின் வேலையாகிவிட்டது. அத்தை கொடுத்த ஒரு பழைய வேட்டித் துண்டு டாஷ்போர்டிலேயே கிடக்கும். தன் பக்கத்தைத் துடைத்துவிட்டு, சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டு சாய்ந்து, என் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டம் போட்டுத் துடைப்பாள். அந்த வட்டம் வழியாக நான் ஓட்டுவேன். அடுத்த வளைவுக்குள் வட்டம் மூடிக்கொள்ளும். "ஏங்க, தெரியுதா?" "தெரியுது, தெரியுது." இதுதான் இருபது வளைவுக்கும் எங்கள் பேச்சு. பின் சீட்டில் மகள் வரலாற்று நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அவள் பங்குக்குத் தேய்ப்பாள். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்துப் பார்த்தோம். ஷேவிங் க்ரீம், ஷாம்பு, எல்லாம் பார்த்தாகிவிட்டது. உருளைக்கிழங்கு பரவாயில்லை, ஒரு பத்து நிமிடம் தாங்கும்.

இதில் என்னைக் குழப்பியது ஒன்று உண்டு. ஏறும்போது இதே ஹீட்டர் ஓரளவு வேலை செய்யும், இறங்கும்போதுதான் படுத்துக்கொள்ளும். ஒரு மெக்கானிக், இன்ஜினின் சுடுதண்ணீர் சுற்றுகிற ஹீட்டர் கோரில் அடைப்பு என்று 1,200 ரூபாய்க்குக் கழுவிக் கொடுத்தார். இன்னொருவர் கேபிளை மாற்றினார். மூன்றாமவர், "பழைய வண்டிங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார். மூவரில் அவரை மட்டும்தான் நான் நம்பினேன், காசு கேட்கவில்லை என்பதால்.

மைலேஜும் ஒரு பக்கம் உறுத்திக்கொண்டே இருந்தது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பித்தான் கணக்குப் போடுவேன், அதில் சோம்பல் கிடையாது. எட்டு வருடமாக லிட்டருக்கு 15-ஐத் தாண்டவில்லை. முதலில் மலைப்பாதை மேல் பழி போட்டேன். அப்புறம் டயர். அப்புறம் என் கால். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது வந்ததும் நிம்மதியாகிவிட்டது, பழி போட ஊரறிந்த ஆள் கிடைத்துவிட்டானே. எத்தனாலில் பெட்ரோலைவிடச் சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் 2017-லேயே 15 கொடுத்த வண்டிக்கு அது எப்படிக் காரணமாகும் என்று நான் யோசிக்கவே இல்லை.

போன மாதம் வீட்டு வாசலில் துருநிறத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருந்தது. இன்ஜின் தண்ணீரை ஆற வைக்கிற ரேடியேட்டரின் ஹோஸ். வழக்கமான மெக்கானிக் ஊரில் இல்லை. கோரிமேடு பக்கம் புதிதாகக் கடை போட்டிருந்த ஒரு பையனிடம் கொண்டுபோனேன். இருபத்தைந்து வயது இருக்கும். ஹோஸைக் கழற்றினவன் அதோடு விடாமல் அது மாட்டியிருந்த மூடியையும் கழற்றி, டார்ச் அடித்து, உள்ளே விரலை விட்டுத் துழாவினான்.

"அண்ணா, இதுல வால்வே இல்லீங்களே."

"எந்த வால்வு?"

"தெர்மோஸ்டாட்டுங்க. யாரோ கழட்டி எறிஞ்சிருக்காங்க."

எட்டிப் பார்த்தேன். வட்டமான ஒரு பள்ளம், விளிம்பில் பழுப்பாகக் காய்ந்த உப்பு. பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், எனக்கே அன்றுதான் தெரியும். இந்த வால்வுக்குள் ஒருவகை மெழுகு இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் மட்டும் சுற்றும். எண்பது டிகிரி சொச்சம் வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும், அப்போதுதான் ரேடியேட்டருக்கு வழி. வால்வே இல்லை என்றால் எப்போதும் வழி திறந்தே கிடக்கும். அடுப்பைப் பற்றவைத்த நிமிடத்திலிருந்து பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது போல.

மலையிலிருந்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்து இரண்டாவது கியரில்தான் வருவோம். என்னுடையது, கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து கொடுக்கிற இன்ஜெக்ஷன் வண்டி; அப்போது பெட்ரோலை அடைத்துவிடும். உள்ளே எரிவது ஒன்றுமில்லை, வெளியே மலைக்காற்று, ரேடியேட்டரோ முழுக்கத் திறப்பு. ஹீட்டருக்கு எங்கிருந்து சூடு வரும்? ஏறும்போது இன்ஜின் முக்கி முனகுவதால் கொஞ்சம் வந்தது. மைலேஜும் இதே கதைதான். இன்ஜின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் ஊரெல்லாம் கூப்பிட்டுக் காட்டிய அந்தக் கால்வாசி முள்தான் வண்டியின் வியாதி. அதைப் போய் மச்சானுக்கு வேறு காட்டியிருக்கிறேன்.

யார் கழற்றியது? எனக்கு முன்னால் வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவர் காலத்தில் நடந்திருக்க வேண்டும். கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துப் பார்த்தால், அந்த மெக்கானிக்கையும் புரிந்துகொள்ள முடிகிறது. ஏதோ ஒரு சித்திரை வெயிலில் வால்வு மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கும், வண்டி கொதித்திருக்கும். அப்படியே ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போய் பல ஆயிரம் செலவாகியிருக்கும். வால்வைப் பிடுங்கிவிட்டு வீடு போய்ச் சேர வைப்பது நல்ல வைத்தியம்தான். மறுநாள் புதிதாக ஒன்றை மாட்டியிருக்க வேண்டாமா? நம் ஊரில் "இது இல்லாட்டியும் ஓடும்" என்று ஒரு சாமானைக் கழற்றிவிட்டால் அது கழன்றதுதான்.

ஒதுக்கிவைத்த கோபத்தை மறுபடி கையில் எடுக்கிறேன். அந்த 640 ரூபாய் வால்வை மாட்டினபின் இரண்டு முறை டேங்க் நிரப்பிப் பார்த்துவிட்டேன், லிட்டருக்கு 17.5. மாதம் 500 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து லிட்டர் மிச்சம். எட்டு வருடத்துக்குப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், பெட்ரோல் எழுபதுக்கு விற்ற நாளையும் சேர்த்து, நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் புகையாகப் போயிருக்கிறது. ஏசி கம்ப்ரஸர் இரண்டு வாங்கியிருக்கலாம்.

மற்ற செலவுகளில் இந்த வண்டியைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். கிளட்ச் ஒரு தடவை மாற்றினேன், 6,200. மலை ஏறுகிற வண்டிக்கு அது நியாயமான செலவு. எந்த ஸ்பேர்ஸ் கடையில் நுழைந்தாலும் சாமான் கிடைக்கும், ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று அவரே கேட்பார். 1,000 சிசிக்குள் இருப்பதால் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 2,094 ரூபாய், வரி தனி. இந்த வருடம் பதினைந்து வயது முடிந்ததால் ஆர்சி புதுப்பிக்க வேண்டி வந்தது. 2022 ஏப்ரலுக்கு முன்னால் 600 ரூபாயாக இருந்த கட்டணம் இப்போது 5,000, பசுமை வரி அது போக. புதுப்பித்தால் ஐந்து வருடம். இருபது வயதைத் தாண்டினால் அதுவே 10,000 ஆகிவிட்டது. வயசானவர்களுக்குத்தான் மருந்துச் செலவு என்பது வண்டிக்கும் பொருந்தும் போல. ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. மழையில் மலை இறங்கும்போது இது நினைவுக்கு வந்தால் வயிறு கலங்கும்.

சரி, நண்பருக்குப் பதில். 2025 செப்டம்பர் 22-இலிருந்து சின்னப் பெட்ரோல் காருக்கு வரி 28-லிருந்து 18 ஆகியிருக்கிறது. கையில் முன்பணமும், மாதத் தவணை கட்டினபின் வீட்டில் அரிசி வாங்கக் காசும் இருந்தால் புதுசையே எடுங்கள். பழசு வேண்டாம். அடுத்தவன் எதைக் கழற்றி எறிந்தான் என்று தேடிக்கொண்டே உங்கள் ஆயுள் போய்விடும். அப்படியும் பழசுதான் என்றால், காலையில் வண்டி ஜில்லென்று இருக்கும்போது போய்ப் பாருங்கள்; முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க விடாதீர்கள். கால் மணி நேரம் ஓட்டினால் முள் நடுவுக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். நடுவைத் தாண்டினாலும் ஆபத்து, நடுவுக்கு வரவே இல்லை என்றாலும் எட்டிப்பார்க்க வேண்டியதுதான். "சார், இது சூடே ஆகாது சார்" என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும். உள்ளே கூலன்ட் இருக்கிறதா, போர் தண்ணீர் ஊற்றித் துருப்பிடிக்க வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும்.

அடுத்து அவர் என்ன கேட்பார் என்று தெரியும். "அப்ப உங்க வண்டிய எனக்குக் கொடுத்துடுங்களேன்." தர மாட்டேன். இப்போதுதான் சரியாகியிருக்கிறது.

சரியாகிவிட்டது என்று சொல்கிறேனே தவிர, எனக்கு நிம்மதி போய்விட்டது. வால்வு மாட்டினபின் முதல் முறை ஏற்காடு ஏறியபோது முள் விறுவிறுவென்று நடுவுக்கு வந்தது. எட்டு வருடத்தில் அதை அங்கே பார்த்ததே இல்லை. பதினாலாவது வளைவில் ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, ஆவி இல்லை, ஒழுகல் இல்லை, ஒன்றும் இல்லை. எங்களைக் கடந்துபோன ஒரு சின்ன வண்டிக்காரர் நான் முன்பெல்லாம் பார்த்த அதே பார்வையைப் பார்த்துவிட்டுப் போனார்.

இறங்கும்போது மணி ஆறரை. மேகம் மேலேயே தங்கிவிட்டது. ஹீட்டரைப் போட்டதும் சூடான காற்று அடித்தது, கண்ணாடி கழுவி வைத்த மாதிரி இருந்தது. மனைவி பழக்கதோஷத்தில் துண்டை எடுத்து மடியில் வைத்திருந்தாள். மூன்று வளைவு வரைக்கும் பேச்சே இல்லை. திரும்பிப் பார்த்தால், ஒரு கையால் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டு, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், அதலபாதாளத்தில் மினுக்கிக்கொண்டிருந்த சேலத்து விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இவ்வளவு உயரத்துலயா இத்தனை வருஷமா இறங்கிட்டிருந்தோம்?"